போத்தலைக் கொடுக்க முன்னர் பூச்சியை எண்ணச் சொல்லுங்கள்

அம்பாறை மாவட்டத்தில் விவசாய மருந்துக்கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பெரும்போகம் விதைத்து ஒரு மாதம் கடந்திருக்கும். காலையில் கடை திறந்த கையோடு ஒரு விவசாயி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுவந்த நான்கு நெற்பயிர்களைக் கவுண்டரில் போடுவார்.

"முதலாளி, வயலெல்லாம் வெளுத்து வருது. நல்ல மருந்தா ஒண்டு தாங்க."

முதலாளி இலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். பின்னால் இருக்கும் இறாக்கையிலிருந்து ஒரு போத்தலை எடுப்பார். "இதை அடிங்க, மூணு நாளையில பாருங்க" என்பார். கடன் கொப்பியில் ஒரு வரி ஏறும். எல்லாம் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த இரண்டு நிமிடங்களில் இருவருமே கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. வயலில் பூச்சி எத்தனை இருக்கிறது?

இது விவசாயப் பக்கத்துக்குரிய விடயம், வர்த்தகப் பக்கத்தில் எதற்கு என்று வாசகர்கள் சிலர் நினைக்கலாம். ஆனால் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர், இறக்காமம், பொத்துவில் என்று எந்த ஊரை எடுத்தாலும் வயலில் கிடப்பது விவசாயியின் பணம் மாத்திரமல்ல. பசளைக்கடைக்காரரின் கடன் அங்கே கிடக்கிறது. உழவு இயந்திரக்காரரின் கூலி நிலுவை கிடக்கிறது. நெல்லுக்கு முற்பணம் கொடுத்த ஆலைக்காரரின் காசு கிடக்கிறது. ஏன், அறுவடைக்குத் தருகிறேன் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்த புடைவைக்கடை நிலுவையும் அங்கேதான் கிடக்கிறது. வயல் எரிந்தால் முழு பஸாரும் ஒரு போகத்துக்குச் சோர்ந்துவிடும்.

எனது சாச்சா மர்ஹூம் ஆவதற்கு முன்னர் நீண்ட காலம் மருந்துக்கடை நடத்தியவர். நானும் சில வருடங்கள் அவரது கல்லாவில் இருந்தேன். ஆறு ஏக்கர் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், பயிருக்கு முப்பது நாள் அளவில், இலையில் வெள்ளைக் கோடு விழுகிறது என்று வந்தார். மடிச்சுக்கட்டி. நான்தான் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். பைரித்ரொயிட் வகை, விலையும் மலிவு, அடித்தவுடன் பூச்சி விழுவது கண்ணுக்குத் தெரியும். பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார், மீண்டும் கொடுத்தேன். அறுபது நாள் தாண்டியபோது அவரது வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் காயத் தொடங்கியது. அறக்கொட்டி. விவசாயத் திணைக்களம் கபிலநிறத் தத்தி என்று சொல்வது இதனைத்தான். இரண்டு ஏக்கர் வைக்கோலாகிப் போனது. அவரது கணக்கை அடைக்க இரண்டு போகங்கள் எடுத்தன.

பின்னர் ஒருநாள் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கடைக்கு வந்தபோது சாச்சா இந்தக் கதையைச் சொன்னார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முதல் தடவை அடிக்கும்போது பூச்சி எத்தனை இருந்தது ஹாஜியார்?" சாச்சா என்னைப் பார்த்தார். நான் வெளியே வீதியைப் பார்த்தேன்.

மருந்து அடித்தும் பூச்சி பெருகியது ஏன்?

அறக்கொட்டி இலையில் இருப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரின் தூரில், நிழலில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சிறிய பூச்சி அது. பெண் தத்தி முட்டையைத் தண்டின் தோலுக்குள்ளே செருகி வைக்கிறது. வெளியிலிருந்து விசிறும் மருந்து அந்த முட்டையைத் தொடுவதில்லை. ஆனால் அதே மருந்து வயலில் ஓடித் திரியும் சிலந்திகளையும், தத்தி முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் சிறு நாவாய்ப் பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. வயலில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று ஒரு நாளில் 5 முதல் 15 இரைகள் வரை தின்னும் என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கைநூல் கூறுகிறது. காவற்காரனைச் சுட்டுவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்து வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் பிறகு நடக்கிறது. ஒன்றரை வாரத்துக்குள் முட்டைகள் பொரிக்கின்றன, தின்பதற்கு எவருமில்லை. ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறையே வந்துவிடும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளுக்குப் பின்னர் தத்தி இவ்வாறு பெருகுவது பல நாடுகளில் ஆராயப்பட்டு உறுதிசெய்யப்பட்ட விடயம்.

நாம் அன்று மருந்தடித்த மடிச்சுக்கட்டியின் கதையோ இன்னும் கவலைக்குரியது. முதல் முப்பது நாற்பது நாட்களில் இலையைத் தின்னும் புழுவினால் நெற்பயிருக்கு ஏற்படும் சேதத்தைப் பயிரே புதிய இலை விட்டு ஈடுசெய்துவிடும். கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும், அறுவடையில் தெரியாது. கொடியிலை வந்த பின்னர் தாக்கினால்தான் கவனிக்க வேண்டும். அந்த விவசாயிக்கு அன்று தேவைப்பட்டது மருந்தல்ல, "பொறுங்க காக்கா, ஒண்டும் ஆகாது" என்று சொல்ல ஒரு ஆள்.

தண்டு துளைப்பானும் இப்படித்தான். இளம்பயிரில் குருத்து காய்ந்தால் பக்கத்திலிருந்து புதுமட்டம் வெடித்து ஈடுசெய்யும். கதிர் வரும்போது தாக்கினால் வெண்கதிராகி நெல் சப்பியாகும். ஆனால் வெண்கதிர் தெரிந்த பிறகு மருந்து கேட்டு வருவோருக்கு நாம் விற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்? புழு தண்டுக்குள்ளே தன் வேலையை முடித்துவிட்டது. அப்போது மருந்து விற்பது ஜனாஸா வீட்டுக்கு டொக்டரைக் கூட்டிச் செல்வது போன்றது.

எவ்வளவு வந்தால் அடிக்கலாம்?

பூச்சி இருந்தால் அடி என்பது பழைய கதை. 1959 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நான்கு பூச்சியியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பூச்சி ஏற்படுத்தப் போகும் நட்டம், அதனைத் தடுக்க ஆகும் செலவைத் தாண்டும் கட்டத்தை நெருங்கும்போதுதான் மருந்து அடிக்க வேண்டும், அதற்கு முன்னர் அடிப்பது வீண்செலவு என்பதே அதன் சாரம். இது எந்த வியாபாரிக்கும் புரியும் கணக்கு.

ஒரு ஏக்கருக்கு மருந்து, ஆட்கூலி, இயந்திரம் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 9,000 ரூபா ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. அப்படியானால் அந்தத் தடவை அடிப்பது குறைந்தது 75 கிலோ நெல்லைக் காப்பாற்ற வேண்டும். அதாவது ஒரு மூடைக்குச் சற்று அதிகம். அதைக் காப்பாற்றாவிட்டால் அடித்தது நட்டம். தேவையில்லாமல் மூன்று தடவை அடித்தவர் ஏக்கருக்கு மூன்று மூடைக்கு மேல் நெல்லைத் தானே வாய்க்காலில் கொட்டியவராகிறார். ஆலைக்காரர் பொரித்த விலை போதவில்லை என்று அவர் சொல்லும்போது, இந்த மூன்று மூடையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

எண்ணுவது எப்படி? படிப்பு எதுவும் தேவையில்லை, குனிய இடுப்பு இருந்தால் போதும். வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது, தத்தி வயலின் நடுவில்தான் முதலில் தலைகாட்டும். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே நடந்து, இருபது இடங்களில் குனிந்து தூரை விரித்துப் பார்க்க வேண்டும். மெதுவாகத் தட்டினால் தத்திகள் தண்ணீரில் விழும். எண்ணிக்கொள்ளலாம். அந்த இடத்தில் தண்டு எத்தனை என்பதையும், சிலந்தி எத்தனை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நாற்று நடும் ஊர்களில் கைநூல்கள் குத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்லும். நமது பக்கம் பெரும்பாலும் எறிந்து விதைப்பதால் தண்டுக்கு இவ்வளவு என்று பார்ப்பதே பொருத்தம்.

தண்டொன்றுக்கு ஒரு தத்தி என்பதே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தரும் எல்லை. அதுவரை நிலைமை கையை விட்டுப் போய்விடவில்லை, அவகாசம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ சிலந்தியையும் கணக்கில் சேர்க்கிறது. சிலந்தி இல்லாவிட்டால் தண்டுக்கு ஒன்று, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்கிறது. நமது பகுதிக்கும் இனத்துக்கும் ஏற்ற எண்ணைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணியபின் எல்லையைத் தாண்டியிருந்தால் தாமதிக்கக் கூடாது. மருந்தே கூடாது என்று சொல்ல இங்கே யாரும் வரவில்லை. ஆனால் அப்போதும் எந்தப் போத்தல் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லும். இறக்கை முளைக்காத குஞ்சுகள் அதிகம் என்றால் புப்ரோபெசின் போன்ற, தோலுரிப்பைத் தடுக்கும் மருந்து பொருந்தும். அது சிலந்தியைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஆனால் வளர்ந்த தத்தியைக் கொல்லாது. தூருக்குப் படாமல் மேலே மேலே விசிறினால் எந்த மருந்தும் வீண். முடியுமானால் தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை ஒதுக்கி, தூரில் படும்படி அடிக்க வேண்டும். யூரியாவை அளவுக்கு மீறிப் போட்ட வயலில் தத்தி விரும்பிக் குடியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைச் சொன்னால் யூரியா விற்பனையும் குறையுமே என்று சிரிக்கிறீர்களா? குறையட்டும்.

இந்தோனேசியா படித்த பாடம்

உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடான இந்தோனேசியாவின் அனுபவம் இதில் மிகப் பெரியது. பல வருடங்களாக அரிசி இறக்குமதி செய்துவந்த அந்நாடு 1984 இல் தன்னிறைவை எட்டியது. அரசாங்கம் பூச்சி மருந்துக்குப் பெருந்தொகை மானியம் கொடுத்து, மலிவாகக் கிடைத்ததால் விவசாயிகள் நாள் குறித்து அடித்தார்கள். 1986 இல் ஜாவாத் தீவில் தத்தி கிளம்பி, பெற்ற தன்னிறைவையே அச்சுறுத்தியது. அன்றைய ஜனாதிபதி சுஹார்ட்டோ அதே ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்து, 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பாவிப்பதைத் தடை செய்தார். மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய வயற் பாடசாலைகளில் விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே தீர்மானிக்கப் பழகினார்கள். மருந்து குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, எண்ணும் பழக்கமும் மங்கிப்போனது. 2010, 2011 காலப்பகுதியில் ஜாவாவில் தத்தி மீண்டும் வந்தது.

வியட்நாமின் மீகொங் வடிநிலத்தில் 1994 முதல் செய்தது இன்னும் எளிது. முதல் நாற்பது நாட்களுக்கு இலை தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்காமல் ஒரு சிறு துண்டில் மட்டும் பரீட்சித்துப் பாருங்கள் என்று வானொலி நாடகத்திலும் சுவரொட்டியிலும் சொன்னார்கள். நம்பு என்று சொல்லவில்லை, பார் என்றார்கள். பார்த்தவர்கள் அடிக்கும் தடவைகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள்.

"இதெல்லாம் கேட்க நல்லம், நான் கொடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவாரே?" என்று ஒரு கடைக்கார நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கம்பனிகள் விற்பனை இலக்கு வைக்கின்றன, இலக்கை எட்டினால் பரிசும் பயணமும் உண்டு. இந்த நிலையில் ஒரு கடைக்காரர் தனியாக நின்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது கடினம். ஆனால் அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன். ஒரு போத்தலில் உங்களுக்கு 400 ரூபா மிஞ்சுகிறது என்று வைப்போம். அந்த வாடிக்கையாளரின் கணக்கில் 80,000 ரூபா நிற்கிறது. வயல் எரிந்தால் அந்த 80,000 இற்கு என்ன நடக்கும்? கைக்காசுக்கு விற்கும் கடைக்கு அந்தப் போத்தல் இலாபம். கடனுக்கு விற்கும் கடைக்கு அது பணயம். நமது கடைகளில் எத்தனை கைக்காசுக்கு விற்கின்றன?

ஆகவே இது ஊரிலுள்ள கடைக்காரர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. நகரங்களில் வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. கடை பூட்டும் நேரத்தையும் விடுமுறையையும் பேசித் தீர்மானிக்கும் சங்கத்துக்கு, தத்திக்கு மருந்து கேட்டு வருபவரிடம் எண்ணிக்கை கேட்பது என்று தீர்மானிக்க முடியாதா? போகம் தொடங்க முன்னர் வட்டை விதானைமாரையும் கமக்கார அமைப்புகளையும் அழைத்து, ஒரு பின்னேரம் வயலில் இறங்கி எண்ணிக் காட்ட போதனாசிரியரைக் கேட்டுக்கொள்ளலாம். அயல் வயலில் தத்தி வந்தால் அது நம் வயலுக்கும் வரும் என்பதால் ஒரு வட்டை முழுவதும் ஒரே கிழமையில் எண்ணுவதே சிறந்தது.

இதில் ஒரு தொழிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பயிரைப் பார்வையிட்டுப் பூச்சியை எண்ணிச் சொல்வதற்கென்றே ஏக்கருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நமது ஊர்களில் உயர்தரம் முடித்து வேலை தேடும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு வட்டைக்கு இரண்டு பேர், கையில் ஒரு கொப்பி, கொடுப்பதற்குச் சிறு தொகை. விவசாயிக்கு ஒரு தடவை மருந்து மிஞ்சினாலே அந்தக் கட்டணம் வந்துவிடும்.

2021 ஆம் ஆண்டை நினைத்து இதற்குப் பயப்படுபவர்களும் உண்டு. அவ்வாண்டு இரசாயனப் பசளையும் விவசாய மருந்தும் இறக்குமதி செய்வது திடீரெனத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்க வேண்டி வந்தது, அதற்குள் பட்ட அடி பட்டதுதான். அது எவரையும் எண்ணச் சொல்லவில்லை, எல்லோரையும் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னது. தேவையான வயலுக்கும் மருந்தில்லை, தேவையற்ற வயலுக்கும் மருந்தில்லை. நான் இங்கே சொல்வது, தேவையான வயல் எது என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதை. அடுத்த வருடம் டொலர் ஏறியபோது போத்தலின் விலை எங்கே போனது என்பது கடைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சோளம் செய்வோருக்கும் கோழித்தீன் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2018 இன் இறுதியில் படைப்புழு நமது சோளச் சேனைகளுக்குள் வந்தபோது ஏற்பட்ட பதற்றத்தை மறந்திருக்கமாட்டீர்கள். கிடைத்ததையெல்லாம் வாங்கி அடித்தார்கள். அந்தப் புழு வளர்ந்து குருத்துக்குள் இறங்கி, எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டபின் மருந்து உள்ளே போவதில்லை. சிறு புழுவாக இருக்கும்போதே குருத்தை விரித்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை செடியில் இருக்கிறது என்று எண்ணியவர்களுக்கே அடித்த மருந்தால் பலன் கிடைத்தது.

சாச்சாவின் கடையை இப்போது அவரது மகன் நடத்துகிறார். கவுண்டரில் ஒரு கொப்பி நூலில் கட்டித் தொங்குகிறது. திகதி, வட்டை, பயிரின் வயது, தண்டு, தத்தி, சிலந்தி என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். எண்ணாமல் வருபவருக்கு ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "போய்ப் பாத்துட்டு வாங்க மாமா, மருந்து எங்கயும் ஓடாது" என்று அனுப்புகிறார். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். சிலர் பின்னேரம் தாளோடு வருகிறார்கள். ஒருவர் தாளில் சிலந்தியை மட்டும் எண்ணிக்கொண்டு வந்து, இதுக்கு என்ன மருந்து என்று கேட்டாராம்.